மெஹராஜின் கை

கணபதி பகுதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் மெஹராஜுக்குப் பதினேழு வருஷமாக ஒரே வேலை, துளை போடுவது. அந்த மிஷினின் பெயரே சென்சிட்டிவ் டிரில்லிங் மிஷின். இரும்புக்குள் இறங்கும் பிட் எங்கே திணறுகிறது என்று கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

போன ரம்ஜான் முடிந்த வாரம் விரலிடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு தோல் வெடித்தது. சோறு பிசைந்தால் எரிந்தது. டாக்டர் சீட்டில் சென்சிட்டிவ் ஸ்கின் என்று எழுதி, கிளவுஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். சுற்றுகிற பிட் கிளவுஸைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். வெளியே ஆட்கள் வரிசையில் நின்றதால் அதைச் சொல்லாமலே வந்துவிட்டாள்.

முதலாளி ஞானாபரணம் சீட்டைப் படித்தார். "உங்க தோல்தானுங்க அம்மணி சென்சிட்டிவ். கூலண்ட் என்ன பண்ணுமுங்க?"

பிட் சூடேறாமல் இருக்க ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர்தான் கூலண்ட். ஐந்து மாதமாக மாற்றவில்லை. தொட்டி நாறியது.

வீட்டில் கணவன் ஷாஹுல், "நீ எல்லாத்தையும் மனசுல போட்டுக்கற. ரொம்ப சென்சிட்டிவ்" என்றான். அவள் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம், பக்கத்து மிஷின் சாய்ப்ரியா விரல்களை ஊதிக்கொண்டே சாப்பிட்டாள். அடுத்த மிஷினில் வேலை பார்க்கும் அக்ஷிதாவின் கையும் அப்படித்தான் வெடித்திருந்தது. இருவரையும் மெஹராஜ் முதலாளியிடம் கூட்டிப் போனாள்.

"ஏனுங்க சார், எனக்கு மட்டுந்தான்னு சொன்னீங்க. இவிங்க கையையும் பாருங்க."

அவர் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சென்சிட்டிவான விஷயமுங்க. வெளிய பேச வேண்டாம்."

"பேசலீங்க. தொட்டியைக் கழுவற வரைக்கும் நாங்க மிஷினைத் தொடமாட்டமுங்க."

மூவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு முதலாளி ஆள் வைத்துத் தொட்டியைத் திறந்துவிட்டார். இரண்டு பக்கெட் கறுப்புச் சேறு வந்தது. "இனி மாசாமாசம் மாத்திப்போடலாமுங்க" என்றார் ஞானாபரணம், யார் முகத்தையும் பார்க்காமல்.

மூன்று வாரத்தில் மற்ற இருவருக்கும் ஆறிவிட்டது. மெஹராஜுக்குப் புதுக் கூலண்ட் பட்டும் கொப்புளம் வந்தது.

"ஒரு தடவை தோல் இப்படி ஆயிருச்சுன்னா, துளி பட்டாலும் பொங்கும்மா. அந்த மிஷினை விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

இப்போது அவள் பேக்கிங்கில் இருக்கிறாள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. கை ஆறி வருகிறது. சாய்ப்ரியா தினமும் வந்து, "அக்கா, பரவால்லீங்களா?" என்று கேட்கிறாள். பரவாயில்லை என்கிறாள் மெஹராஜ். பிறகு அடுத்த பெட்டியை இழுத்து வைக்கிறாள்.