வைஜயந்தி பாடாத பாகம்

ஒலிப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, மார்ச் பதினான்காம் தேதி, வைஜயந்தி வியன்னாவுக்குக் கிளம்பினாள். மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தில் ஒன்பது வருடமாக அவளோடு டூயட் பாடிய ப்ரியம்வதா, லோஹேகாவ் விமான நிலைய வாசலிலேயே மறித்தாள்.

“நீ இல்லாம ரெக்கார்டிங் எப்படிடி?”

“என் பாகமும் உனக்கு அத்துப்படியாச்சே. நீயே பாடிக்கோ.”

அவள் இல்லாமலும் முடியும் என்று காட்டியே தீரவேண்டும். வீம்புக்கு இரண்டு பாகத்தையும் ப்ரியம்வதாவே தனித்தனியாகப் பாடி, ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டாள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் ஸ்வரத்தை விடாமல் பிடித்திருப்பது அவர்கள் வழக்கம். அதை மறந்தேபோனாள்.

பதினாலு மாதம் கழித்து வைஜயந்தியிடமிருந்து செய்தி வந்தது: “கேட்டேன். ரெண்டு குரலும் ஒரே இடத்துல மூச்சு வாங்கறது. நடுநடுவுல பாட்டே நின்னுபோறது. அங்கெல்லாம் நான்தான்டி இருந்தேன்.”