தாராவியில் பூவைநாதனின் முப்பதாம் நாள்

பின்னணிப் பாடகர் பூவைநாதன் இறந்த சேதி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சிரிக்காதீர்கள். கோவையில் அவர் செய்த மூன்று கச்சேரிகளையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். சென்னையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் போகவில்லை. அங்கே பேசுவார்கள், பாட மாட்டார்கள். மும்பை தாராவியில் அவர் பெயரில் முப்பது வருடமாக ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறது, முப்பதாம் நாளன்று அவர் பாட்டுகளை மட்டும் பாடப்போகிறார்கள் என்று முகநூலில் பார்த்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன். "பாட்டுக் கேக்கறதுக்குப் பம்பாய்க்கா?" என்றார் வீட்டுக்காரர். ஆமாங்க, பாட்டுக் கேட்கத்தான்.

கோவையில் காலை ரயில், ஸ்லீப்பர் 680 ரூபாய். மறுநாள் சனிக்கிழமை மாலை, ஐம்பது நிமிடத் தாமதத்தோடு குர்லா டெர்மினஸ். அங்கிருந்து செம்பூர் மூன்று கிலோமீட்டர்தான். மீட்டர் போட்ட ஆட்டோவில் 62 ரூபாய். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் ஓர் இரவுக்கு 1,800. கட்டிலை விட்டு இறங்கினால் நேரே குளியலறைதான், நடுவில் தரை என்று ஒன்று கிடையாது. ஆனால் சுத்தமாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மும்பையில் 'மெகா பிளாக்' என்று பகலில் பல மணி நேரம் லோக்கல் ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். அதனால் எட்டேகாலுக்கே செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, ஒன்பது மணிக்குத் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்கா போய்விட்டேன். டிக்கெட் பத்து ரூபாய். இட்லி, வடை, காபி 130. கோயில், கடைவீதி என்று சுற்றிவிட்டு மூன்று மணிக்குப் பூக்கடைக்கு வந்தேன். ரோஜா மாலை 250 சொன்னார் பூக்காரர். "சாமிக்கா, கல்யாணத்துக்கா?" என்றார். பூவைநாதனுக்கு என்றேன். கை நின்றது. "அந்த மனுசனுக்கா? இருங்கம்மா" என்று மாலையைப் பிரித்து, நடுவில் சம்பங்கி வைத்து மறுபடி கட்டித் தந்தார். விலையைக் கூட்டவில்லை.

மாட்டுங்காவில் ஆட்டோ கிடையாது, டாக்ஸிதான். தாராவி தொண்ணூறடி ரோட்டுக்கு 58 ரூபாய். மூன்றரைக்கு இறங்கினேன். மேடைக்குப் பக்கத்தில் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. மூன்று நாளாக மாலைகள் குவிந்து படத்தின் கால் பக்கமே தெரியவில்லை. மன்றத் தலைவர் காஜா பாய், பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், நான் ஊரைச் சொன்னதும் "கோயம்புத்தூர்லேந்தா வாரீய? வாங்கக்கா, வாங்க!" என்று ஓடிவந்தார். மாலையைப் போட நிமிர்ந்து பார்த்தேன். பூவைநாதனுக்கு மூக்கோரம் மிளகளவு மச்சம் உண்டு. இந்த ஆளுக்கு இல்லை.

என் வாய்தான் சும்மா இருக்காதே. "ஏனுங்க பாய், இது பூவைநாதன் இல்லீங்களே! யாருங்க இது?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யா அல்லா! இது நம்ம இசக்கிமுத்துல்லா!"

இசக்கிமுத்து இவர்களுடைய மெல்லிசைக் குழுவின் பாடகர். ஆண்டாப் ஹில்லில் குடியிருக்கும் வெல்டர். மேடையேறினால் பூவைநாதனைப் போலவே வெள்ளை ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மப்ளர், அதே குரல். தாராவிக்கு ஒருநாளும் வராத பூவைநாதனுக்குப் பதிலாக முப்பது வருடம் பாடியவர் இவர்தான். மன்றத்தின் பழைய ஆல்பத்திலிருந்து படத்தை எடுத்துக்கொடுத்தது பாயேதான். "பாதி மூஞ்சிய மைக்கு மறைச்சிருந்துச்சுக்கா. எங்களுக்குப் பூவைநாதன்னா முப்பது வருசமா இந்த மூஞ்சிதான், என்ன செய்ய!"

மனுஷன் நேர்மையானவர். அப்போதே போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எடுத்தது இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "அவுக குத்துக்கல்லாட்டம் இருக்கையில எங்க வீட்டு மனுசனுக்குக் கண்ணீர் அஞ்சலியா? வெளங்குவியளா நீங்க? பாட்டும் கிடையாது, கூத்தும் கிடையாது. அவுக வரமாட்டாவ!"

போன் வைக்கப்பட்டது. கூட்டம் ஆறு மணிக்கு. கீபோர்டு இருக்கிறது, தபலா இருக்கிறது, பாடக் குரல் அந்த ஒன்றுதான். ஃபிளெக்ஸ் கடை ஞாயிறு லீவு. பெட்ஷீட் போட்டு மூடலாமா என்று ஒருவர் கேட்க, "மூடினா இன்னும் செத்தவன் மாதிரில்லா இருக்கும், பாகல்!" என்று இந்தியில் பைத்தியமாக்கி எரிந்து விழுந்தார் பாய். நான் மாலையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டிருந்தால் இந்த வம்பு உண்டா? இவ்வளவு தூரம் வந்து இவர்கள் விழாவைக் கெடுத்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டாவது டீ வைத்தார்.

ஐந்து நாற்பதுக்குப் பேச்சியம்மாள் வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. இரண்டடி பின்னால் வெள்ளை ஜிப்பாவில் இசக்கிமுத்து. அந்தம்மா நேரே பேனருக்குப் போய் ஒரு மாலையை உருவி எடுத்தார். சண்டைதான் என்று நினைத்தேன். துண்டைப் பிரித்தார். உள்ளே கையகலச் சட்டத்தில் பூவைநாதன் படம், மூக்கோரம் மச்சத்தோடு.

"எங்க வீட்டு சாமி படத்தோட இருக்கது. இந்த மனுசன் பாட்டப் பாடித்தான் எம்புள்ளைக்குப் பீஸ் கட்டுனோம். அவரு செத்த அன்னையிலேந்து தெனமும் வெளக்கேத்துதேன். கோவத்துல பேசிட்டேன். இத வைங்க பாய்." பாய் இரு கையாலும் வாங்கினார். அந்தம்மா உருவிய மாலையைப் புருஷன் கழுத்தில் போட்டார். "உசுரோட இருக்கவனுக்கு உசுரோட இருக்கையில போடணும். தலையக் குனிங்க." கைதட்டலில் தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது.

மேடையேறும் முன் இசக்கிமுத்துவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "எனக்கு முந்தாநாளே தெரியும்மா. கழத்தச் சொல்லத்தான் வந்தேன். ஒரு அம்மா சூடம் பொருத்தி அழுதுச்சு. வேலைக்குப் போற ரெண்டு பேரு நின்னு கும்பிட்டுட்டுப் போனாவ. அவருக்குத்தான் அழுதாவன்னு தெரியும். ஆனா பாத்தது என் மூஞ்சியத்தான? சொல்ல மனசு வரலம்மா."

என் மாலையை அந்தச் சின்னப் படத்துக்குப் போட்டேன்.

ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரை வரை பத்தொன்பது பாட்டு. கண்ணை மூடினால் கோவை முன்வரிசை. என் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில்தான் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வந்ததும் இரண்டு சரணத்தையும் ஒரு சொல் விடாமல் கூடவே பாடினார்கள். தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "தோடா தோடா ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி, கொஞ்சம் கொஞ்சம் தெரியுமாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பூவைநாதன் எங்கள் கோவையில் பாடினார் என்று இதுவரை பீற்றிக்கொண்டிருந்தேன். இனிமேல் தாராவியில் அவரைப் பாடினார்கள், நான் கேட்டேன் என்றும் பீற்றிக்கொள்வேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு என்றால் பத்து மணிக்குள் ரயிலில் மாட்டுங்கா போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாலையை அங்கேயே வாங்குங்கள். திரும்பும்போது தாராவியிலேயே ஆட்டோ கிடைக்கும், செம்பூருக்கு 120 ரூபாய் ஆனது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தப் பேனரை இன்னும் கழற்றவில்லையாம். 'கண்ணீர் அஞ்சலி' எழுத்தின்மேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பதாகப் பாய் போனில் சொன்னார். அதைப் பார்த்தால் கும்பிடு போடாதீர்கள். எதிர் டீக்கடையைத் திரும்பிப் பாருங்கள். வேலை விட்டு வரும் நேரம் என்றால் இசக்கிமுத்து அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருப்பார். போய் வணக்கம் சொல்லுங்கள்.