அகராதியில் இல்லாத ‘ஃப்ரம்’

பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள் என் அக்கா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒரு பசு உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிற அகலம். அடுத்த வீட்டு வாத்தியாரின் பசு காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் கொல்லைக்குப் போய் வரும். போகிறபோது சாணியும் போடும். அக்கா புருஷரான அத்திம்பேருக்கு அது பொறுக்கவில்லை. சந்து தன்னுடையது என்று சொல்லிச் சுவர் எழுப்பக் கல் இறக்கினார். வாத்தியார் கோர்ட்டுக்குப் போனார்.

அத்திம்பேர் சர்க்கார் ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தன் இங்கிலீஷின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை பத்மநாபசுவாமியின் மேல்கூட இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். கோர்ட்டு உத்தரவின் நகல் வந்தபோது அவருடைய வக்கீல் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். அத்திம்பேர் தானே படித்தார். பிரதிவாதி, அதாவது அவர், சந்து வழியை அடைப்பது பற்றி ‘என்ஜாயின்’ செய்யப்படுகிறார் என்று இருந்தது. அகராதியைப் புரட்டினார். ‘என்ஜாயின்’ என்றால் கட்டளையிடு என்று இங்கிலீஷிலேயே அர்த்தம் போட்டிருந்தது. மறுநாள் காலையிலேயே கொத்தனார் வந்துவிட்டான்.

அக்கா ஆள் அனுப்பினாள். நான் வேறொரு வக்கீலிடம் குமாஸ்தா. அந்தச் சொல்லைத் தினமும் நகல் எடுக்கிறவன். போய்ப் பார்த்தால் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வந்தால் செய் என்று அர்த்தம், ‘ஃப்ரம்’ வந்தால் செய்யாதே என்று அர்த்தம், இங்கே ‘ஃப்ரம்’ இருக்கிறது, அதனால் வேலையை உடனே நிறுத்துங்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ஒரே வார்த்தை செய்யுன்னும் சொல்லும், செய்யாதேன்னும் சொல்லுமோ? வெள்ளைக்காரன் என்ன கிறுக்கனா? அகராதியில ‘ஃப்ரம்’ எங்கயாக்கும் இருக்கு, காட்டு பார்ப்போம்.”

காட்ட முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான சின்ன அகராதி அது. என் வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கி வருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அத்திம்பேர் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் அடுத்த கல்லை எடுத்தான்.

சாயங்காலம் வாத்தியார் வந்து, கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகும் இப்படியா என்று கேட்டிருக்கிறார். உத்தரவுப்படிதான் கட்டுகிறேன் என்று அத்திம்பேர் மரியாதையாகவே பதில் சொல்லியிருக்கிறார். வாத்தியார் அதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொண்டார். வழி அடைபட்ட பசுவை அக்கா வீட்டு வாசலிலேயே கட்டிவிட்டுப் போனவர், அடுத்த நாள் கோர்ட்டில் இன்னொரு மனு கொடுத்தார்.

விசாரணைக்கு அத்திம்பேர் அகராதியோடு போனார். அவருடைய வக்கீல் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் அதை விரித்து ஜட்ஜிக்கு நீட்டினார். ஜட்ஜி வாங்கிப் பார்த்தார், மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பிரதிவாதி துணிந்து மீறியதாகத் தெரியவில்லை, படிக்கத் தெரியாமல் செய்ததாகவே தெரிகிறது, மூன்று நாளில் சுவரை எடுத்துவிட வேண்டும் என்றார். சிறைக்குப் போயிருந்தால்கூட அத்திம்பேர் அவ்வளவு நொந்திருக்க மாட்டார்.

அதே கொத்தனார் வந்து இடித்தான். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பசு வந்ததிலிருந்து வாசலை நாளுக்கு நாலு தடவை கழுவியவள் அவள்தான்.

“இத்தனை வருஷமா நான் வேண்டாம்னு சொன்னதெல்லாம் ஒங்களுக்குச் செய்யுன்னுதான் கேட்டுதோ?” என்றாள்.

அத்திம்பேர் உள்ளே போனார். நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். அகராதி போட்ட லண்டன் கம்பெனிக்கு அவர் எழுதிய நாலு பக்கக் கண்டனம் மேஜைமேல் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்குமாம், நான் நகல் எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். தபாலிலும் சேர்த்தேன். பதில் வரவில்லை. நான் ஸ்டாம்பு குறைத்து ஒட்டிவிட்டேன் என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.