ஒட்டிய கடிதத்தில் இருந்த முகம்

அந்தப் போர் நாட்களில் வவுனியாவிலிருந்து வன்னிக்குள் போகிறவரிடம் கடிதம் கொடுத்தால் ஒட்டாமல்தான் கொடுப்பார்கள். இராணுவச் சோதனையில் கொண்டுபோகிறவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே. அகதி முகாமில் ஓர் அம்மா எனக்குத் தந்ததோ நன்றாக ஒட்டிய கடிதம்.

"மல்லாவியில படம் கீறுறவரிட்டக் குடுத்துவிடுங்கோ, தம்பி."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு முன்பே பிரித்தேன். இடது புருவத்தில் வெட்டுக்காயம், வலது காதடியில் மச்சம், ஒட்டிய கன்னம். பெயரோ நலம் விசாரிப்போ இல்லை. யாரையோ காட்டிக்கொடுக்கும் கடிதம் என்றே நினைத்தேன். திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கிழித்து வாய்க்காலில் போட்டேன்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்க்கத்தான் மல்லாவியில் அந்த ஓவியரிடம் போனேன். சுவர் முழுக்க முகங்கள். முகாம் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"அவா கடிதம் தந்தவாவோ? செத்த மகன்ர படமெல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சுதாம். அடையாளம் எழுதி அனுப்பச் சொன்னனான்."

கிழித்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பென்சிலை எடுத்தார்.

"வாசிச்சனீங்கள்தானே. சொல்லுங்கோ."

சொன்னேன். அந்த மச்சம்கூட மறந்திருக்கவில்லை. அன்போடு வாசித்திருந்தால் இவ்வளவு நினைவிருந்திருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.