கல்வேலிக்கு நான் போட்ட சட்டம்

எங்கள் வாசிகசாலை அலுமாரியில் யாழ்ப்பாணச் சரித்திரம், கோயிற்கலை, அரசியல், சமூகம் என்று தடித்த புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவற்றை நான் வாசிக்கிற முறை வேறு. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய், சொல்லட்டவணையில் ‘நெ’ வரிசையைப் பார்ப்பேன். எங்கள் நெடுந்தீவு இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். அநேகமாக இரண்டு வரிதான் இருக்கும். அதிலும் ஒன்றரை வரி குதிரைகளுக்கு, மிச்சம் ஒல்லாந்தருக்கு. இந்தத் தீவில் மனிதரும் இருக்கிறார்கள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

தபாற்கந்தோரில் எனக்குக் கிளாக்கர் வேலை. முத்திரை குத்திக்கொண்டே யோசிப்பேன்: எங்களைப் பற்றி எழுதவென்று ஒருவர் வந்தால் என்ன கேட்பார், நான் என்ன சொல்லுவேன்?

எழுபதுகளில், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகக் கம்பஸ் தொடங்கிச் சில வருடங்களில், அப்படி ஒருவர் எங்கள் படகுத்துறையில் லோஞ்சிலிருந்து இறங்கினார். இளம் பெண், விரிவுரையாளர். தீவுகளின் குடிவாழ்க்கையைப் பற்றித் தன் முதல் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் புத்தகம் வாசிக்கிற ஆள் ஆர் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு மேற்சட்டைப் பொத்தான் பூட்ட முடியாத அளவுக்கு நெஞ்சு அகன்றிருந்தது.

அவருக்கு எங்கள் வேலிகளில் ஆசை. நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலிதான். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. பவளப் பாறையான முருகைக்கல்லின் மேல் முருகைக்கல்லை அடுக்கி நெஞ்சளவுக்கு உயர்த்திவிட்டிருப்போம்.

“அண்ணை, இந்த வேலி சம்பந்தமா உங்களிட்டை விசேசமான வழக்கம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டுவிட்டுப் பேனையைத் திறந்தார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்து, திறந்த பேனைக்கு முன்னால் எப்படி இல்லை என்பது? என் வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது.

“இருக்காம என்ன? வேலிக்கல்லு எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த வீட்டுக்காரர் தனியத் தூக்கி வைக்கக்கூடாது. அடுத்த வீட்டாரைக் கூப்பிட்டு, ரண்டு பேருமாத்தான் தூக்கி வைக்கோணும். பிறகு கல்லு விழுந்த வீட்டிலை தேத்தண்ணியும் பனங்கட்டியும் குடுப்பினம். ரண்டு பகுதியும் கோவமா இருந்தாலும் அதுதான் சட்டம்.”

அவர் சிரித்ததும் ‘சும்மா பகிடிக்குச் சொன்னனான்’ என்று முடிப்பதுதான் என் திட்டம். அவர் சிரிக்கவில்லை. எழுதினார். எழுதியதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டார். இரண்டாவது கோடு முடிந்த பிறகு உண்மை பேசுகிற துணிவு எனக்கு இல்லை.

எட்டு மாதம் கழித்து, நான் முத்திரை குத்துகிற மேசைக்கே கடிதம் வந்தது. புத்தகம் அச்சுக்குப் போகிறது, ஆறாம் அதிகாரம் முழுவதும் அந்த வழக்கத்தைப் பற்றித்தான், முன்னுரையில் உங்களுக்கு விசேட நன்றி. மறுநாள் விடியக்காலை மனிசியிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டு வளவுக்குள் நடக்கத் தொடங்கினேன்.

அவ பார்த்துக்கொண்டு நின்றா. “இஞ்சாருங்கோ, எங்கடை கலியாணப் பேச்சுக்கால் நடக்கேக்கை நீங்கள் சொன்ன பொய்யளோடை பாத்தால் இது ஒரு பொய்யே?”

“அது வீட்டுக்குள்ளை இருக்கிற பொய். இது அச்சிலை வரப்போகுது. நீர் சும்மா இரும்.”

“நான் சும்மாதான் இருக்கிறன். நீங்கள்தான் விடியத்தொடங்கி கிணத்தடிக்கும் குசினிக்கும் ஓடித்திரியிறியள்.”

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு லோஞ்ச் ஏறினேன். சோளகக் காற்று வீசுகிற காலம், கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. குறிகட்டுவான் துறை வரும்வரை, சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவர், நான் கடலுக்குப் பயந்து தேவாரம் படிக்கிறேன் என்று நினைத்து, தானும் ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

கம்பஸில் அவருடைய மேசையில் அச்சுப்படிகள் மை மணக்கக் கிடந்தன.

“மிஸ், அந்தக் கல்லு விழுகிற கதை...”

“ஓம் அண்ணை, புத்தகத்திலையே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான்.”

“அது நான் இட்டுக்கட்டினது.”

“இருக்க ஏலாது,” என்றார். “நாலு வீட்டிலை விசாரிச்சனான். தனித்தனியா. நாலு பேரும் ஓம் எண்டவை.”

“எப்பிடிக் கேட்டனீங்கள்?”

“இப்பிடி ஒரு வழக்கம் இருக்காமே, உண்மையோ எண்டு கேட்டனான்.”

“கடல் தாண்டி, வெய்யிலுக்குள்ளை நடந்து வந்த பிள்ளைக்கு ஆர் இல்லை எண்டு சொல்லுவினம்? தேத்தண்ணி குடுக்கேக்கை ஒரு ஓமும் சேர்த்துக் குடுக்கிறதுதான் எங்கடை மரியாதை.”

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆறாம் அதிகாரத்தை மெதுவாக எடுத்துத் தனியே வைத்தார். “இது வெளியிலை வந்து, நெடுந்தீவு ஆள் ஒருத்தர் வாசிச்சிட்டுச் சிரிச்சால், மற்ற ஒன்பது அதிகாரத்தையும் ஆர் அண்ணை நம்புவினம்?” என்றார். அச்சகம் இன்னும் மூன்று நாள் பொறுக்குமாம். “நாளைக்கு உங்களோடை வாறன். திரும்பவும் கேப்பம். இந்தமுறை நீங்கள் வாயே திறக்கக்கூடாது.”

என்னைப் போன்ற ஆளுக்கு இது சாதாரணத் தண்டனை இல்லை.

மறுநாள் அதே நாலு வீடுகளுக்கும் போகத் தொடங்கினோம். அவர் கேள்வியை மாற்றியிருந்தார். இப்படி வழக்கம் இருக்கோ என்று கேட்கவில்லை. கல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார்.

முதல் வீட்டுக்காரர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். “விழுந்தால் எடுத்து வைப்பம் பிள்ளை. வேறை என்ன செய்யிறது?”

இரண்டாம் வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உள்ளதைச் சொல்லட்டோ? எடுத்து வைக்கேக்கை கொஞ்சம் அங்காலை, பக்கத்து வளவுக்குள்ளை, தள்ளி வைக்கிறதுதான். மாரிக்கு மாரி கொஞ்சம் விழும். ஒவ்வொருக்காலும் நாலு விரல் அங்காலை. ஊரிலை எல்லாரும் செய்யிறதுதான். ஆனால் ஒருத்தரும் சொல்லமாட்டினம்.”

விரிவுரையாளரின் கண் அகன்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சொல்லக்கூடிய உண்மையான வழக்கம் ஒன்று என் காலடியில் கிடந்திருக்கிறது. நான் அதை விட்டுவிட்டுத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கற்பனை பண்ணியிருக்கிறேன்.

மூன்றாம் வீட்டுப் பெண்ணும் அவவுடைய பக்கத்து வீட்டுக்காரியும் ஏழெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு இரண்டு பேரும் வேலிக்கு அந்தப்பக்கம் ஒருவரும் இந்தப்பக்கம் ஒருவருமாக நின்று முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

“கல்லு விழுந்தால் என்ன செய்வியள் அக்கா?”

“இதென்ன கேள்வி, நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்!” என்றா வீட்டுக்காரி. “நீங்கள் வந்து கேட்ட பிறகு எனக்கு வெக்கமாப் போச்சு. எங்கடை வழக்கம் கம்பசிலை இருக்கிற பிள்ளைக்குத் தெரியுது, எனக்குத் தெரியேல்லையே. போன மாரிக்குக் கல்லு விழ, இவவைக் கூப்பிட்டனான்.”

“கூப்பிட்டது எங்கை?” என்றா மற்றவ. “மாட்டைக் கூப்பிடுற மாதிரிக் கத்தினவ. நான்தான் வழக்கத்துக்கு மதிப்புக் குடுத்து வந்தனான்.”

விரிவுரையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கோ என்கிற பார்வை அது. வாய் திறக்கலாம் என்று அனுமதி கிடைத்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இவர்கள் திரும்பவும் முகம் திருப்பிக்கொள்ளக் கூடும். சொல்லாவிட்டால் இந்தப் பொய் இன்னொரு ஓமோடு கம்பசுக்குத் திரும்பிப் போகும். அந்தச் சட்டம் நான் இட்டுக்கட்டினது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முருகைக்கல் இருந்தது.

“அப்ப நான் ஊத்தின தேத்தண்ணி? பனங்கட்டி?” என்றா வீட்டுக்காரி.

“குடிச்சதைத் திருப்பித் தர ஏலாது, அக்கா,” என்றா மற்றவ. “வேணுமெண்டால் அடுத்தமுறை என்ரை பக்கம் விழட்டும்.”

“விழும். நீ அடுக்கின கல்லெல்லே?”

அவர்கள் தங்கள் சண்டையைத் தொடர, நாங்கள் மெதுவாக ஒழுங்கைக்கு வந்தோம். விரிவுரையாளர் ஆறாம் அதிகாரத்தின் முதற்பக்கத்தில் குறுக்காகக் கோடு கீறினார். அதிகாரத்தைத் திரும்ப எழுதுவாராம்: நாலு விரல் தள்ளுகிற வழக்கம் முதலில், ஒரு கிளாக்கரின் பொய்யும் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த இரண்டு வீடுகளும் பின்னால். நாலாம் வீட்டுக்குப் போகிற வழியில் என் வீடு வந்தது. அவர் என் வேலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, உங்கடை வேலி எவ்வளவு தள்ளியிருக்கு?”

அந்த நேரத்துக்கு எத்தனையோ நல்ல கதைகள் நாக்கில் வந்து வரிசையில் நின்றன.

“ஒண்டரை முழம்,” என்றேன். “அப்பு காலத்திலை ஒண்டு, என்ரை காலத்திலை அரை.”

எழுதினார். இரண்டு கோடு போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாசிகசாலைக்குப் புத்தகம் எடுக்க வருகிற மனிதர் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.