மூடாத உப்புக் குவியல்

இப்போதெல்லாம் உப்புக் குவியலைப் படங்குச் சீலையால் மூடாமல் நான் வேலை யார்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. லொறியிலும் அளவு பார்த்து, தெறித்து வீணாகாதபடி உப்பை நனைத்து, முந்திப் போட்டதில் பாதியைத்தான் தூவுகிறேன். "உனக்கு என்ன நடந்தது?" என்று முதலாளி பகிடி பண்ணுகிறார்.

புரோசார்ட் நகரத்துக்கு அப்பால், வயல் தொடங்கும் இடத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் யார்ட். குளிர்காலம் முழுக்க அங்கே உப்பை ஏற்றிக்கொண்டுபோய், கடைகளின் கார் தரிப்பிடங்களில் உறைபனி கரையக் கொட்டுவது என் வேலை. கடைசியாக ஏற்றுகிறவன் குவியலை மூட வேண்டும். உறைந்த படங்கைப் பிடித்தவனுக்குத்தான் அந்தச் சீவன் போகிற வலி தெரியும். எட்டு வருசத்தில் நான் அதை மூடிய நாட்களை ஒரு கைவிரல்களுக்குள் அடக்கலாம். வசந்தத்தில் எல்லாம் கரைந்துவிடும். கரைந்து எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மேட்டுக்குக் கீழே ஒரு வீடு விற்பனைக்கு வந்தபோது அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னவனும் நான்தான். நகரத்துக்குள்ளே லாசாலில் அடுக்குமாடி வீட்டில் இருந்து அவர் அலுத்துப்போயிருந்தார். புது வீட்டு வீதிக்கு நகரத்துத் தண்ணீர் வராது, குழாய்க் கிணறுதான். குடிபுகுந்த அன்று போட்ட முதல் தேத்தண்ணியைக் குடித்ததுமே அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பிடியே எங்கட ஊர்த் தண்ணி! கொஞ்சம் சவர். இப்பிடி இருந்தாத்தான்ரா அது தேத்தண்ணி."

வேறு யாராவது என்றால் துப்பியிருப்பார்கள், தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உவர்க் கிணறுகளில் குடித்து வளர்ந்த நாங்கள் இரண்டாம் கோப்பை கேட்டோம். வந்த சனமெல்லாம் போத்தலில் நிரப்பிக்கொண்டு போனது. எங்களைப் போல மடையர்கள் உண்டா?

மூன்றாம் வருசம் அக்காவுக்குப் பிரஷர் வந்தது. டொக்டர் உப்பை அறவே நிறுத்தச் சொன்னார். அக்கா நிறுத்தினார். பிரஷர் இறங்கவில்லை. மருந்தைக் கூட்டினார்கள், அதற்கும் இறங்கவில்லை. அத்தான் பகிடியாகத்தான் தொடங்கினார்.

"உன்ர கொக்கா தலையணைக்குக் கீழ ஊறுகாய்ப் போத்தல் வச்சிருக்கிறா, போய்ப் பார்."

பகிடி போகப்போக ஏச்சாகிவிட்டது. நானும் சும்மா விட்டேனா? கருவாட்டை எங்கே ஒளித்திருக்கிறீர்கள் என்று கேட்டு அலுமாரிகளைத் திறந்து கிண்டினேன். "சத்தியமாத் தொடேல்லையடா" என்று அக்கா அழுதார். நான் நம்பவில்லை.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "இண்டைக்கு நீ பக்கத்தில நிண்டு பார்" என்று அக்கா என்னை அடுப்படியில் நிறுத்தி வைத்துக் கஞ்சி காய்ச்சினார். அரிசி, பயறு, குழாய்த் தண்ணீர், வேறொன்றும் இல்லை. ஒரு வாய் குடித்தேன். உப்பு அளவாக இருந்தது.

குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். இது ஊர்ச் சவர் இல்லை. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதில் எங்கள் நாக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். யன்னலால் பார்த்தேன். மேட்டில் எங்கள் குவியல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அங்கிருந்து சரிவு இறங்கும் பக்கத்தில், குளிர்காலத்திலும் பச்சையாக நிற்க வேண்டிய வேலிமரங்கள் பழுப்பாகக் கருகி நின்றன.

"இப்ப நம்புறியோ?" என்று அக்கா கேட்டார்.

"பேந்து கதைப்பம்" என்றேன்.

'பிறகு' என்று தள்ளிப்போட்ட அந்தச் சொல்லுக்கு என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்துச் சோதிக்கக் கொடுத்தேன். சோதனைப் பேப்பர் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் பயம். அத்தானின் முகத்தைப் பார்க்கப் பயம், வேலை போய்விடும் என்று பயம். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அக்கா அடுப்படியில் விழுந்தார். பாரிசவாதம். அடுத்த நாள் பேப்பர் வந்தது: உப்புக் குறைக்க வேண்டியவர்கள் குடிக்கவே கூடாத தண்ணீராம்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வலப்பக்கம் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. என்னைக் கண்டதும் குழறிக் குழறிச் சொன்னார்.

"நான்... உப்புத் தொடேல்லை."

"தெரியும், அக்கா."

அந்த நேரம் அத்தான் பெரிய ஃபிளாஸ்க் ஒன்றோடு வந்தார். "இஞ்சத்தைத் தண்ணி சப்பெண்டு கிடக்காம். அதுதான் வீட்டுத் தண்ணி கொண்டந்தனான்." கரண்டியில் ஊற்றி அக்காவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் அதைத் தட்டிவிட்டேன்.

"குடுக்காதேங்கோ அத்தான்! அந்தத் தண்ணி முழுக்க உப்பு. மேட்டில கிடக்கிற எங்கட உப்பு. மூடாமல் விட்டது நான்."

"விசரே உனக்கு?" என்று அத்தான் சிரித்தார். சட்டைப்பையில் இருந்த பேப்பரை நீட்டினேன். வாசிக்க வாசிக்க அவருடைய சிரிப்பு நின்றுபோனது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப... தெரியும்?"

"கஞ்சி குடிச்ச அண்டைக்கு."

அவரால் தலையை இடப்பக்கம் மட்டும்தான் திருப்ப முடியும். நான் நின்றது அந்தப் பக்கம். அதனால் கண்ணை மூடிக்கொண்டார்.