செழித்து நின்ற கடலைச் செடி

ஆம்பூர் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த வேலையை விட்ட வருஷம், மாமனார் பங்கு பிரித்துக் கொடுத்த நிலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேர்க்கடலை போட்டோம். பாலாற்றை ஒட்டிய நிலம். பெரும்பகுதி கறுத்த களிமண். ஆற்றுப் பக்கம் மட்டும் ஒரு துண்டு மணல். அந்த மணலை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. விதை மிஞ்சியதால் அங்கேயும் ஊன்றி வைத்தோம்.

களிமண்ணில் செடி தரை தெரியாமல் படர்ந்தது. மணலில் குட்டையாக, வெளுத்துப்போய் நின்றது. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த பாய் வரப்பில் நின்று, "இன்னாம்மா உரம் போட்டீங்க? செடி ஜோரா கீதே!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிடுங்குகிற அன்று முதல் செடியை இழுத்தேன். வேர் வந்தது, காய் இல்லை. அடுத்ததில் இரண்டு காய், இரண்டும் உள்ளே பருப்பில்லாத பொக்கு.

"உள்ள அறுந்து நின்னிருக்கும். தோண்டிப் பாரு" என்றார் வீட்டுக்காரர்.

தோண்டினேன். ஒன்றும் இல்லை. எலி வளையும் இல்லை. எதற்கும் பார்க்கலாம் என்று மணல் துண்டுக்குப் போய் ஒரு நோஞ்சான் செடியை இழுத்தேன். கொத்துக் கொத்தாகக் காய். அதைக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன்.

"விதைக்காரன் ரெண்டு விதையைக் கலந்துட்டான்" என்றார் அவர்.

"ஒரே மூட்டைங்க. நான்தானே பிரிச்சேன்?"

"தோல் ஷாப்பு தண்ணி ஏறிடுச்சோ இன்னாவோ" என்றார் பாய். தோல் பதனிடும் ஆலைக் கழிவு மண்ணில் ஏறியிருக்குமோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பாய்ந்தது ஒரே கிணற்றுத் தண்ணீர். களிமண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மணலையும் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியேதான்.

விவசாய ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒரு மண்கட்டியை எடுத்து உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. செடியில் தொங்கிய மெல்லிய காம்பு ஒன்றைக் காட்டினார். "பூ வாடினதும் இந்த ஊசி மண்ணுக்குள்ள இறங்கணும். அப்பதான் காய் பிடிக்கும். உங்க மண்ணு காஞ்சா கல்லாயிடுது. ஊசி எப்படி நுழையும்?"

"அப்ப செடி மட்டும் எப்படி மேடம் இவ்ளோ நல்லா வந்துச்சு?"

"களிமண்ணு ஈரத்தையும் சத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். இலைக்கு அது நல்லதுதான். மணல்ல சத்து கம்மி, ஆனா ஊசி சுளுவா இறங்கிடும்."

"அப்ப எங்க மண்ணு நல்லதா, கெட்டதா?"

"கடலைக்கு ஆகாது. வேற பயிர் போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பதில் கிடைத்தும் எனக்குத் தெளியவில்லை. பச்சையைப் பார்த்து அத்தனை நாள் பூரித்திருக்கிறேனே! அடுத்த போகம் மணலில் மட்டும் கடலை போட்டு, களிமண்ணில் கேழ்வரகு நட்டோம். கடலை காய்த்தது. கேழ்வரகும் கதிர் முற்றி நன்றாகவே வந்தது, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் நட்ட நாற்று அத்தனையும் கருகிப்போனதைத் தவிர.

"இங்க இன்னாங்க ஆச்சு?" என்றேன்.

"என்னைக் கேட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

அந்த இடத்து மண்ணை ஒரு பையில் அள்ளிப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.